புகை எங்கே போகிறது? – நகரங்களின் கார்பன் கொள்கையும் சூழல் திறனும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இறுதியில் நேயர்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் பதில்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)

நாவலும் சிறுகதையும் பேசுகிற இந்த அரங்கில் கார்பனைப் பற்றிப் பேசலாமா என்று ஒருங்கிணைப்பாளர்களிடம் கேட்டேன். "நகரத்தைப் பற்றித்தானே பேசப்போகிறீர்கள், தாராளமாகப் பேசுங்கள்" என்றார்கள். நம் நவீன இலக்கியத்தில் பாதி, ஊரை விட்டு நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் கதைதான். நியூஜெர்சியிலிருந்தும் விரிகுடாப் பகுதியிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களும், டாலஸுக்கு வடக்கே ஆலனில் இருக்கும் நானும் அப்படி வந்து சேர்ந்தவர்களே. அதனால் நாம் வாழும் நகரம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு அந்நியமான விஷயமில்லை.

இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு நகரம் "கார்பனைக் குறைக்கப்போகிறேன்" என்று கொள்கை வகுத்தால், அந்த நகரம் உண்மையில் மேம்படுகிறதா? அல்லது புகை மட்டும் இடம் மாறிவிடுகிறதா?

திறன் என்றால் என்ன?

முதலில் 'சூழல் திறன்' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். ஒரே தெருவில் இரண்டு இட்லிக் கடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு அரிசி, உளுந்து. அதே எண்ணிக்கையில் ஆட்கள். ஒரு கடை ஐந்நூறு இட்லி ஊற்றுகிறது, மற்றது நானூறு. முதல் கடைதான் திறமையானது என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அந்த முதல் கடை ஈர விறகில் அடுப்பு எரித்துப் பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் கரி பிடிக்க வைக்கிறது என்றால்? இட்லியை எண்ணியவர்கள் கரியையும் எண்ண வேண்டும். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்த நல்லது எவ்வளவு, வெளியே வந்த கெட்டது எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்குதான் சூழல் திறன்.

நகரத்துக்கும் இதே கணக்கு. உள்ளே போவது மின்சாரம், எரிபொருள், தண்ணீர், நிலம், உழைப்பு, மூலதனம். வெளியே வருவது வருமானமும் வேலைவாய்ப்பும். கூடவே கரியமில வாயு, கழிவுநீர், குப்பை. இப்படிப் பல அலகுகளை ஒப்பிடும் கணித முறைக்கு 1957இல் ஃபாரல் என்ற பொருளியலாளர் அடித்தளம் போட்டார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அதை முழுமையான முறையாக்கினார்கள். இருப்பவற்றுள் சிறந்தவற்றை ஒரு எல்லைக்கோடாக வரைந்து, மற்றவை அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளப்பதுதான் அந்த முறையின் சாரம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லைக்கோடு இருப்பவர்களை வைத்தே வரையப்படுகிறது. தெருவிலுள்ள எல்லாக் கடையும் ஈர விறகில் எரித்தால், அவற்றில் கொஞ்சம் குறைவாக எரிப்பவர் முதல் மதிப்பெண் வாங்கிவிடுவார். ஆகவே 'இந்த நகரம் திறனில் முதலிடம்' என்று ஒரு செய்தியைப் படித்தால், யாரோடு ஒப்பிட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனா செய்து பார்த்த சோதனை

இந்தக் கேள்விக்கு உலகிலேயே பெரிய சோதனைக்களம் சீனா. 2010இல் ஐந்து மாகாணங்களையும் எட்டு நகரங்களையும் குறைந்த கார்பன் முன்னோடிகளாக அங்கே அறிவித்தார்கள். தியான்ஜின், சோங்சிங், ஷென்சென், ஹாங்ஜோ போன்றவை அந்த முதல் பட்டியலில் இருந்தன. 2012இலும் 2017இலும் மேலும் பல நகரங்கள் சேர்க்கப்பட்டன. எல்லா நகரத்திலும் ஒரே நாளில் தொடங்காமல் தவணை தவணையாகத் தொடங்கியது ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. கொள்கை வந்த நகரத்தில் முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றம் ஒன்று; அதே காலத்தில் கொள்கை வராத நகரத்தில் ஏற்பட்ட மாற்றம் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதே கொள்கையின் பங்கு. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் புது உரம் போட்ட வயலில் விளைச்சல் கூடியது என்றால், உரம் போடாத பக்கத்து வயலையும் பார்த்துத்தானே உரத்தின் பெருமையைச் சொல்ல முடியும்? அதே தர்க்கம்தான்.

பல ஆய்வுகள், முன்னோடி நகரங்களில் சூழல் திறன் கூடியது என்றே சொல்கின்றன. அது கூடிய வழிகள் மூன்று. ஒன்று தொழில்நுட்பம்: ஷென்சென் 2017 முடிவதற்குள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அத்தனையையும் மின்பேருந்துகளாக மாற்றியது. இரண்டு, தொழில் அமைப்பு: உருக்கும் சிமெண்டும் குறைந்து, மின்னணுவும் சேவைத் துறையும் கூடுவது. மூன்று, மேலாண்மை: அளப்பது, கண்காணிப்பது, விலை வைப்பது. ஷென்சென் 2013இல் சீனாவின் முதல் கார்பன் சந்தையைத் திறந்தது.

பலன் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் இல்லை. பணமும் படித்தவர்களும் உள்ள பெரிய நகரங்களுக்குக் கூடுதலாகவும், நிலக்கரியை நம்பி வாழும் ஊர்களுக்குக் குறைவாகவும் கிடைத்தது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரங்களில் சில ஏற்கெனவே அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தவை. நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு எங்கள் டியூஷனால்தான் முதல் மதிப்பெண் வந்தது என்று பலகை வைப்பதைப் போன்ற ஆபத்து இதில் இருக்கிறது.

புகை இடம் மாறும் விதம்

பெய்ஜிங்கின் மேற்கே ஷோகாங் என்ற பெரும் உருக்காலை இருந்தது. 2008 ஒலிம்பிக்கை ஒட்டி அதைப் படிப்படியாக மூடி, கடலோரத்தில் ஹெபெய் மாகாணத்தின் சாவோஃபெய்தியனுக்குக் கொண்டுபோனார்கள். பழைய வளாகம் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு மேடையாயிற்று. பெய்ஜிங்கின் கணக்கு அழகாகிவிட்டது. புதிய ஆலை பழையதைவிட நவீனமானது என்பது உண்மை. ஆனால் உருக்கு உருகிக்கொண்டுதான் இருந்தது. அது வேறு மாகாணத்தின் கணக்கில் ஏறியது, அவ்வளவே.

நமக்கு நெருக்கமான உதாரணம் திருப்பூர். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பின்பே அவை மீண்டும் திறக்க முடிந்தது. ஆற்றுக்கு அது மிக அவசியமான தீர்ப்பு. ஆனால் கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க நிறைய மின்சாரமும் நீராவியும் வேண்டும். நீர்க்கணக்கில் திருப்பூர் உயர்ந்தது. ஆற்றல் கணக்கில் செலவு கூடியது. அந்தத் தொழிலதிபர்களில் பலர் காற்றாலைகளில் முதலீடு செய்திருப்பதை இந்தப் பின்னணியில் பாருங்கள். ஒரே ஒரு அளவுகோலை வைத்து ஒரு ஊரை நல்ல ஊர், கெட்ட ஊர் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொரு சிக்கலை 1865லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் சொன்னார். நீராவி எந்திரம் சிக்கனமானதும் பிரிட்டனில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. ஏனென்றால் சிக்கனமான எந்திரத்தை மேலும் பல இடங்களில் பயன்படுத்துவது லாபமாயிற்று. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. சிக்கனமான ஏசி வந்ததும் வீடு பெரிதாகிறது. எல்.இ.டி. வந்ததும் வேலியோரமெல்லாம் விளக்கு எரிகிறது. ஒரு சதுர அடிக்கான திறன் கூடியிருக்கும். மொத்தச் செலவு குறைந்திருக்காது.

ஆலன்: வரியில் ஒளிந்திருக்கும் கார்பன்

இனி என் ஊருக்கு வருகிறேன். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆலனில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. இன்று ஒரு லட்சத்துக்கும் மேல். ரயில் இல்லாமல், நெடுஞ்சாலை 75ஐ நம்பி வளர்ந்த ஊர். ஆனால் எப்போதுமே அப்படி இல்லை. 1908இல் டாலஸிலிருந்து ஷெர்மனுக்கு ஆலன் வழியாக மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1948 டிசம்பர் 31ஆம் தேதியோடு அது நின்றது. அதன் நினைவாக பிளேனோவில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் ஆலனில் இருந்தவர் மின்ரயிலில் டாலஸ் போனார். இன்று நான் பார்க்கர் ரோடு நிலையம் வரை காரில் போய், அங்கிருந்துதான் டார்ட் ரயிலைப் பிடிக்க முடியும்.

ஏன் ஆலனில் ரயில் இல்லை? இதற்கு விடை போக்குவரத்துத் துறையில் இல்லை. விற்பனை வரியில் இருக்கிறது. டெக்சஸில் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம். அதன்மேல் உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 2 சதவீதம் மட்டுமே போடலாம். டார்ட் உறுப்பினராக வேண்டுமென்றால் அதில் 1 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். ஆலனோ ஒரு சதவீதத்தை நகராட்சிச் செலவுக்கும், தலா அரை சதவீதத்தைப் பொருளாதார வளர்ச்சிக்கும் பூங்கா போன்ற சமுதாய வளர்ச்சிப் பணிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறது. இரண்டு சதவீதமும் தீர்ந்துவிட்டது. அந்த அரை சதவீதங்களால் நல்ல பூங்காக்களும் கடைவீதிகளும் அலுவலகங்களும் வந்தன. நம்மில் பலர் இங்கே வீடு வாங்கியதற்கு அவையும் காரணம். வாக்கெடுப்பின்போது யாரும் அதைக் கார்பன் கொள்கை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு ஊரின் புகையைத் தீர்மானிக்கும் முடிவு அதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு காலன் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 8.9 கிலோ கரியமில வாயு வரும். காலனுக்கு 25 மைல் கொடுக்கும் காரில் தினமும் போகவர 50 மைல் என்றால் இரண்டு காலன், சுமார் 18 கிலோ. ஆண்டுக்கு 250 நாள் அலுவலகம் போனால் நாலரை டன். இந்தியர் ஒருவருக்கு எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுச் சராசரியே சுமார் 2 டன்தான். வேலைக்குப் போய்வருவதற்கு மட்டும் நாம் இரண்டு பேரின் பங்கைச் செலவழிக்கிறோம்.

டெக்சஸ் சொல்லித்தரும் மூன்று பாடங்கள்

முதல் பாடம் ஜார்ஜ்டவுன். ஆஸ்டினுக்கு வடக்கே உள்ள இந்த ஊருக்குச் சொந்த மின்வாரியம் உண்டு. 2015இல், தன் தேவை முழுவதற்கும் காற்று, சூரிய மின்சாரத்தையே வாங்கப்போவதாக அறிவித்தது. அப்போதைய மேயர் டேல் ராஸ் குடியரசுக் கட்சிக்காரர். நீண்ட கால ஒப்பந்தத்தில் விலை நிலையாக இருக்கும் என்பதே அவர் சொன்ன முதன்மைக் காரணம். ஆனால் ஊரின் தேவையைவிடக் கூடுதல் மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். எரிவாயு மலிவானதால் சந்தை விலை சரிந்தது. மிஞ்சிய மின்சாரத்தைக் குறைந்த விலைக்கு விற்றதில் 2018இல் மட்டும் சுமார் 68 லட்சம் டாலர் துண்டு விழுந்து, மக்களின் மின்கட்டணம் கூடியது. காற்றும் சூரியனும் தோற்றன என்று இதைச் சொல்வது தவறு. தேவையைச் சரியாக மதிப்பிடாமல் போட்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. நல்ல நோக்கம் கணக்குப் பிழையை மன்னிக்காது.

இரண்டாம் பாடம் மாநிலத்துடையது. டெக்சஸ் இன்று அமெரிக்காவிலேயே அதிகமாகக் காற்று மின்சாரம் தயாரிக்கும் மாநிலம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், மேற்கு டெக்சஸில் ஸ்வீட்வாட்டர் பக்கம் போனால் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. இதைச் சாதித்தது எந்த நகரத்தின் தீர்மானமும் இல்லை. 2005இல் மாநிலச் சட்டமன்றம் வழிவகுத்து, சுமார் 700 கோடி டாலர் செலவில் ஏறத்தாழ 3,600 மைல் மின்தடம் போடப்பட்டது. மேற்கே வீசிய காற்று கம்பி வழியாகக் கிழக்கேயுள்ள நகரங்களுக்கு வந்தது. கொள்கைகளில் பெரியது சில சமயம் கம்பிதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. டென்டன் நகர மக்கள் 2014இல் நீரியல் முறிப்பு முறையில் எரிவாயு எடுப்பதற்கு எதிராக வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. 2021இல் எரிவாயு இணைப்பைத் தடுக்கும் உரிமையும் நகரங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. விரிகுடா நண்பர்களுக்கு இதற்கு இணையான கதை தெரியும். புதுக் கட்டடங்களில் எரிவாயுக் குழாய் கூடாது என்று பெர்க்லி 2019இல் போட்ட விதியை, 2023இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. நியூஜெர்சி நண்பர்களுக்கு 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் தென்பகுதியில் நுழைய வைத்த 9 டாலர் கட்டணம் தெரியும். நியூயார்க் எடுத்த முடிவை எதிர்த்து வழக்குப் போட்டது உங்கள் மாநிலம். நகரம் முடிவெடுக்கும், அதன் எல்லையை வேறொருவர் வரைவார்.

மூன்றாம் பாடம் 2021 பிப்ரவரி. பனிப்புயலில் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போயிற்று. மின்கட்டமைப்பு முழுவதும் விழுவதற்கு 4 நிமிடம் 37 விநாடியே மிச்சமிருந்தது. எல்லா வகை மின்நிலையங்களும் பழுதாயின. அதிகமாகப் பழுதானவை எரிவாயு நிலையங்கள். மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளிரால் போனவர்கள். டெக்சஸில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரத்தில்தான் சூடேறுகின்றன. சுவரிலும் கூரையிலும் வெப்பக்காப்பு குறைவான வீடு சில மணி நேரத்தில் உறைந்துபோகும்; நன்றாகக் காப்பிட்ட வீடு நெடுநேரம் தாங்கும். திறன் என்பதை மின்கட்டண ரசீதில் மிச்சமாகும் சில டாலராக மட்டும் நினைத்திருந்த நமக்கு, அது உயிர்ப் பாதுகாப்பும்கூட என்று அந்த வாரம் காட்டியது. ஆஸ்டின் 2009 முதல், பத்தாண்டுக்கு மேற்பட்ட வீட்டை விற்கும்போது ஆற்றல் தணிக்கை செய்து வாங்குபவரிடம் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. யாரையும் எதையும் மாற்றச் சொல்லாத, தகவலை மட்டும் கட்டாயமாக்கும் விதி. மலிவான, பலனுள்ள கொள்கைகளுக்கு இதை உதாரணமாகச் சொல்வேன்.

சென்னை

நம் ஊரிலும் வேலை நடக்கிறது. 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அதன் தொடர்ச்சி. 2023இல் வெளியான காலநிலைச் செயல்திட்டம் 2050க்குள் கார்பன் சமநிலை என்று இலக்கு வைத்தது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின.

இங்கேயும் தலைப்புக் கேள்வியைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது. தியாகராய நகரில் குறைந்த புகையில் ஒரு பங்கு எண்ணூர்ப் பக்கம் வெளிவருகிறது. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதையை, டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வழியாக உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இதைச் சொல்வதால் மின்பேருந்து வேண்டாம் என்று ஆகாது. மின்மோட்டார் டீசல் எஞ்சினைவிடப் பன்மடங்கு சிக்கனமானது. மின்சாரம் சுத்தமாக ஆக, ஓடிக்கொண்டிருக்கும் அதே பேருந்தும் சுத்தமாகும். டீசல் பேருந்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆனால் நகரத்தின் கணக்கில் எண்ணூர் மீனவரின் ஆறும் சேர்ந்திருக்க வேண்டும். அதைச் சேர்க்காத திறன், பாதிக் கணக்கு.

ஆகவே எந்த நகரம் எந்தப் பசுமைத் திட்டத்தை அறிவித்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். மொத்தம் குறைகிறதா, விகிதம் மட்டும் குறைகிறதா? குறைந்தது எங்கே போனது? இத்திட்டம் இல்லாவிட்டாலும் குறைந்திருக்குமா? செலவை யார் ஏற்கிறார்கள், பலன் யாருக்கு? நம் ஊர்களில் நகர்மன்றக் கூட்டத்தில் குடிமக்கள் பேச மூன்று நிமிடம் போலக் கொடுப்பார்கள். இந்த நான்கையும் கேட்க அது போதும்.

நேயர் கேள்விகள்

*டெக்சஸில் மின்காரும் கூரைச் சூரியத் தகடும் போட்டவர் இன்னும் என்ன செய்யலாம்?*

நேரத்தைப் பாருங்கள். இங்கே மின்கட்டமைப்பு நெருக்கடிக்குள்ளாவது கோடையில் சூரியன் சாய்ந்தபின், இரவு எட்டு, ஒன்பது மணி வாக்கில். சூரிய மின்சாரம் ஓய்ந்திருக்கும், ஏசி ஓயாது. மேற்கு டெக்சஸ் காற்று இரவில்தான் வலுக்கும். காரை நள்ளிரவுக்குப் பின் சார்ஜ் செய்வதும், துணி உலர்த்தும் எந்திரத்தை மாலையில் ஓட்டாமல் இருப்பதும் காசு செலவில்லாத உதவி. அடுத்தது பரண். சூரியத் தகடு போடுமுன் பரணின் வெப்பக்காப்பைச் சரிபார்த்திருந்தால் தகடுகளின் எண்ணிக்கையையே குறைத்திருக்கலாம்.

*எங்கள் குடியிருப்போர் சங்கம் புல்தரையை எடுக்க விடாது. என்ன செய்வது?*

சட்டத்தைக் காட்டுங்கள். டெக்சஸில் 2011 முதல் குடியிருப்போர் சங்கங்கள் சூரியத் தகடுகளைப் பொதுவாகத் தடுக்க முடியாது. 2013 முதல் வறட்சி தாங்கும் செடிகளையும் நீர் சேமிக்கும் புல்லையும் தடைசெய்ய முடியாது. வடிவமைப்பை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்ல மட்டும் உரிமை உண்டு. ஆலனுக்குத் தண்ணீர் தருவது வடக்கு டெக்சஸ் நீர் மாவட்டம். பெருகும் தேவைக்காக அவர்கள் வெட்டிய போ டார்க் ஏரி 2023இல் பயன்பாட்டுக்கு வந்தது. டெக்சஸில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கட்டிய முதல் பெரிய நீர்த்தேக்கம். அதற்காகப் பதினாறாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் நீரில் மூழ்கியது. அங்கிருந்து தண்ணீரைச் சுத்திகரித்து நம் வீடுவரை இறைத்து அனுப்ப மின்சாரம் வேண்டும். முன்முற்றத்துப் புல்லின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடி வைப்பது, தண்ணீர்க் கணக்கையும் கார்பன் கணக்கையும் ஒருசேரக் குறைக்கும். ஒப்புதல் கடிதத்தோடு சட்டப் பிரிவின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். பெரும்பாலும் இரண்டாவது கடிதம் தேவைப்படாது.